முருங்கையில் கம்பளிப்பூச்சி, வீட்டில் நாய்: மரத்தை வெட்டிவிடலாமா?

கொல்லைக்கதவு (கும்பகோணம் பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கொல்லை பெரிதொன்றும் இல்லை. சமையலறைக் கதவைத் திறந்தால் துவைக்கிற கல், அதை ஒட்டி ஒரு முருங்கை, மதிலோரம் ஒரு கறிவேப்பிலை, மூலையில் எலுமிச்சை. முருங்கை என் மாமனார் காலத்தில் போத்து (வெட்டிய கிளைத்தடி) நட்டு வந்தது. இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரையும் தாண்டி நிற்கிறது. காய் பறிக்க மொட்டை மாடிக்குப் போய்த் தொரட்டி போட வேண்டும். கீரைக்கும் அதே தொரட்டிதான்.

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி வந்துவிட்டது. பகலில் பார்த்தால் மரத்துக்குப் பழுப்புச் சால்வை போர்த்தின மாதிரி ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு கிடக்கிறது. ராத்திரியில் மேலே ஏறிவிடும் போலிருக்கிறது. விடிந்து பார்த்தால் தரை பூராவும் எச்சமும் கடித்துப் போட்ட காம்பும். கொடியில் காய்ந்த துணியில் ரோமம் ஒட்டி, என் பெண்ணுக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. மாமியார் திருநீறு வைத்துத் தேய்த்தார், இன்னும் சிவந்துபோனது.

அதுவரைக்கும் சமாளித்துக்கொண்டிருந்தோம். போன வாரம் மணி (எங்கள் நாய், தெருவிலிருந்து குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டவன்) கீழே விழுந்த ஒன்றை முகர்ந்தானோ, கவ்வினானோ, தெரியவில்லை. வாயிலிருந்து எச்சில் ஊற்றுகிறது, முன்னங்காலால் மூக்கைப் பிறாண்டுகிறான், உதடு ஒரு பக்கம் வீங்கிவிட்டது. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்காரர் "முதலில் மரத்தை வெட்டு, அப்புறம் மறுவேலை" என்கிறார். மாமியார் அசைந்து கொடுக்கவில்லை. நெய் காய்ச்சும்போது ஒரு கொத்து முருங்கை இலை விழவில்லை என்றால் அவருக்கு அது நெய்யே கிடையாது.

உரக்கடையில் கேட்டால் ஒரு பூச்சிமருந்துப் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் கீரை பறிக்கிற மரத்தில் அதை எப்படி அடிப்பது? பக்கத்து வீட்டு மாமா மண்ணெண்ணெய்ப் பந்தம் கொளுத்திக் காட்டச் சொல்கிறார். மரம் நிற்பது சமையலறை ஜன்னலுக்கு எட்டின தூரத்தில், உள்ளே கேஸ் சிலிண்டர். கையில் பந்தத்தை எடுக்கவே பயமாக இருக்கிறது.

மரமும் வேண்டும், மணியும் வேண்டும். வழி இருக்கிறதா? இன்னொன்று: மரத்துக்குப் போடச் சொல்லி நர்சரியில் ஒரு புண்ணாக்குக் கலவை கொடுத்தார்கள், ஆமணக்கும் கடலையும் சேர்ந்தது என்றார்கள். இன்னும் போடவில்லை. மழையோடேயே போடலாமா, மழை விட்டுப் போடணுமா?


ஊர்க்குருவி (மன்னார்குடி):

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பா வருஷா வருஷம் பந்தம் காட்டுவார். பூச்சி போகும், பட்டையும் கருகும், அடுத்த ஐப்பசியில் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். வெறுத்துப்போய் ஒரு நாள் ஆளை வைத்து மரத்தையே எடுத்துவிட்டார். இப்போது கார்த்திகை மார்கழியில் கடையில் ஒரு காய்க்குச் சொல்கிற விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது. அவசரப்பட்டு வெட்டாதீர்கள், அவ்வளவுதான் என் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

அந்த நெய் சமாசாரத்தை மட்டும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.


வராகநதி (பெரியகுளம்):

வணக்கம் தங்கச்சி. எங்கள் ஊரில் முருங்கை என்றால் பிழைப்பு. அதனால் கொஞ்சம் உரிமையாகவே பேசுவேன். மரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் அடியோடு இல்லை, இப்போதும் இல்லை.

முதலில் பூச்சியைப் பார்ப்போம். மழை தொடங்கினதும் அந்துப்பூச்சி வெளியே வரும். பெரிசாக, மஞ்சள் கலந்த பழுப்பில் இருக்கும், ராத்திரியில் விளக்கைச் சுற்றும். அது இளந்தண்டிலும் இலையிலும் கொத்துக் கொத்தாக முட்டை வைக்கிறது. பொரிந்து வருகிற புழு கூட்டத்தை விட்டுப் பிரியாது. ராத்திரி ஏறி இலையைத் தின்னும், பகலில் இறங்கி அடிமரத்தில் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்து முடிந்ததும் மரத்தடி மண்ணிலும் சருகிலும் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். முருங்கைக்கு வருகிற பூச்சிகளில் மருந்தே இல்லாமல் தீர்க்கத் தோதானது இதுதான். பகல் பூராவும் ஒரே இடத்தில், நம் கைக்கு எட்டுகிற உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதே! மொட்டுப்புழு, காய் ஈ எல்லாம் இப்படி வந்து மாட்டுமா?

மழை விட்ட ஒரு மத்தியான நேரம் பார்த்துக்கொள். கொடியில் துணி இருக்கக் கூடாது, மணியை உள்ளே கட்டிவிடு, ஜன்னலைச் சாத்து. முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நில். ஒரு வாளித் தண்ணீரில் காதி சோப்பைச் சீவிப் போட்டு நன்றாக நுரை வரக் கரைத்து, கூட்டத்தின் மேல் நனைய நனைய ஊற்று. தெளிப்பான் இருந்தால் இன்னும் நல்லது. நனைந்தால்தான் ரோமம் பறக்காது, இதுதான் இந்த வேலையில் முக்கியம். காய்ந்த விளக்குமாற்றால் தட்டினால் பூச்சி சாகும், ரோமம் வீடு பூராவும் பறக்கும். நனைத்த பிறகு, நீளக் கழியில் கட்டிய பழைய துடைப்பத்தால் வழித்து இன்னொரு சோப்பு வாளியில் தள்ளு. கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் குழி தோண்டிப் புதைத்துவிடு. செத்த பூச்சியின் ரோமமும், அது உரித்துப் போட்ட தோலும்கூட அரிக்கும், அதனால் அப்படியே மூலையில் கொட்டி வைக்காதே. மரத்தடியையும் துவைக்கிற கல்லையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடு. மேலே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுவும் மறுநாள் பகலில் இறங்கித்தானே ஆக வேண்டும்? மறுபடி ஒரு வாளி.

பாப்பாவுக்கு ரோமம் பட்டால் தேய்க்காதே. திருநீறோ, எண்ணெயோ, எதை வைத்துத் தேய்த்தாலும் ரோமம் உள்ளே ஏறும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரி, ரோமம் அதோடு வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவு.

பந்தம் காட்டுவது தோட்டத்தில் செய்கிற பழைய முறை. வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்கிற முறைதான், பொய் இல்லை. ஆனால் அது தோட்டத்து மரத்துக்கு. அடுக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பூச்சிமருந்தை அந்தக் கடையிலேயே வைத்துவிடு. கீரைக்கென்று வளர்க்கிற மரத்தில் மருந்து ஏறக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று சும்மா சொல்லவில்லை. அதன் கட்டையில் வலுவே கிடையாது. காய் பாரத்துக்கே கிளை முறியும், புயல் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். எங்கள் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 ரகம் தெரியுமா? விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கிற செடிமுருங்கை. கன்று 75 செ.மீ. வந்ததுமே நுனியைக் கிள்ளிவிடுவோம், பக்கக் கிளை அடிக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டிவிடுவோம். நாலைந்து மாதத்தில் மறுபடி தழைத்துக் காய்க்கும். இப்படி மூன்று மறுதாம்பு வரை எடுக்கலாம். ஒரு மரத்தில் வருஷத்துக்கு 200 காய்க்கு மேல் எடுக்கிற விவசாயியே மரத்தை இடுப்பு உயரத்துக்கு வெட்டுகிறான். வீட்டுக்காரர்கள்தான் கை வைக்கப் பயந்து மாடிக்கு மேலே விட்டுவிட்டுத் தொரட்டியோடு அலைகிறீர்கள். உன்னுடையது போத்து நட்ட மரம்தான், வகை வேறு, இருந்தாலும் வெட்ட வெட்டத் தழைக்கிற குணம் ஒன்றுதான்.

இப்போது வெட்டினால் மழைத்தண்ணீர் வெட்டுவாயில் இறங்கி அழுகும். மாடிச் சுவரிலோ கரண்டுக் கம்பியிலோ உரசுகிற கிளை இருந்தால் அதை மட்டும் இப்போது எடுத்துவிடு, மீதியை விடு. பங்குனி, சித்திரை, வைகாசி காய் எல்லாம் சாப்பிட்டு முடி. ஆனி கடைசியில் காய்ப்பு ஓய்ந்ததும் ரம்பம் வைத்து அறு. அரிவாள் வேண்டாம், கட்டை பிளந்துவிடும். பெரிய கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுக்கணும், இல்லாவிட்டால் விழுகிற பாரத்தில் பட்டையை உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாய் சாய்வாக இருக்கட்டும், மேலே சாணத்தைக் கெட்டியாக அப்பிவிடு. மாமனார் காலத்து மரம் என்பதால் ஒரேயடியாக இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவர வேண்டாம். முதல் வருஷம் தலை உயரம், அடுத்த வருஷம் மார்பு உயரம்.

துளிர் சுற்றிலும் வெடித்துக்கொண்டு வரும். திடமாக நாலைந்தை விட்டுவிட்டு மற்றதை உருவிவிடு. அதற்கப்புறம் நீ கீரை பறிப்பதே கவாத்துதான் (கிளை கழிப்பதுதான்). நுனியை ஒடி, இலையை உருவாதே. மரம் கண் உயரத்தில் நின்றால் அடுத்த ஐப்பசியில் முட்டைக் கொத்தே உன் கண்ணில் படும். அந்த ஈர்க்கோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது, புழு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் மரத்தடிச் சருகைக் கூட்டி எடுத்துவிட்டு மேல் மண்ணை லேசாகக் கொத்திவிடு, கூட்டுப்புழு வெயிலில் காயும். மழை தொடங்குகிற வாரங்களில் கொல்லை விளக்கை ராத்திரி அணைத்துவை.

உங்கள் காவிரிக்கரை மண் தண்ணீரைப் பிடித்துவைக்கிற மண். முருங்கைக்குக் காலில் தண்ணீர் நிற்கக் கூடாது. மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தால் அதைத் தூர்த்து மண்ணை மேடாக அணைத்துவிடு.

உரத்தைப் பற்றி நான் சொல்வதைவிட நாய் வளர்ப்பவர் யாராவது சொல்லட்டும். அந்த ஆமணக்கைப் படித்ததும் எனக்கு உறுத்தியது.


நாலுகால் (ராஜபாளையம்):

அண்ணன் உறுத்தியது என்று மெதுவாகச் சொல்கிறார். நான் நேராகவே சொல்கிறேன். அந்த மூட்டையை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற விஷம் இருக்கிறது. எண்ணெய் ஆட்டும்போது அது எண்ணெயோடு போகாது, புண்ணாக்கில்தான் தங்கும். நன்றாகச் சூடுபடுத்தினால் வீரியம் போகும் என்பார்கள். நம் கைக்கு வருகிற மூட்டை எப்படி வந்ததென்று யாருக்குத் தெரியும்? கூடவே கடலைப் புண்ணாக்கு வேறு. அந்த வாசனைக்கு நாய் மரத்தடியைத் தோண்டித் தின்னும். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, வாந்தி, ரத்தப்போக்கு என்று ஆரம்பிக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். இத்தனை வம்பு எதற்கு? மக்கின சாணி எருவும் வேப்பம் புண்ணாக்கும் போடுங்கள். வேம்பின் கசப்புக்கு நாய் பெரும்பாலும் கிட்டே போகாது. மழை விட்டதும் மண்ணில் கலந்து மூடிவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை, வீட்டில் எப்போதும் நாய் இருக்கும், அவ்வளவுதான். கம்பளிப்பூச்சியைக் கவ்வினால் முதலில் கையுறை போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் நாக்கையும் உதட்டையும் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். தலையைக் கீழ்ப்பக்கம் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரால் வாயை அலசுங்கள், தொண்டைக்குள் ஊற்றிவிடக் கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடினது சரியான வேலை.

மழைக்காலத்தில் இன்னொரு ஆசாமி தேரை. கவ்வினால் இதே மாதிரிதான் எச்சில் ஊற்றும், அதற்கும் வாயை அலசணும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து வருஷத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். மழைத்தண்ணீர் தேங்கின கொல்லையில் எலி மூத்திரம் கலந்திருக்கும், நாய்க்கு வந்தால் மனிதருக்கும் வரும். மழை ஓய்ந்து வெயில் ஏறினால் உண்ணி. காது மடிப்பு, கால் விரல் இடுக்கு, வாலடி, மூன்றையும் தினம் தடவிப் பாருங்கள். உண்ணியால் வருகிற காய்ச்சல் லேசுப்பட்டதில்லை. பூனையும் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: நாய்க்கு விடுகிற உண்ணி மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தது பூனையைக் கொன்றுவிடும்.

சாப்பாட்டிலும் ஒன்று. மிச்சமான சாம்பார்ச் சோற்றை நாய்க்குப் போடுகிற வழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுவை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. முருங்கைக்காய்ச் சக்கையைச் சவைத்து விழுங்கினால் அந்த நார் செரிக்காமல் கக்கும். தாளிக்காத தயிர்சாதம், வேகவைத்த முட்டை, உப்புக் காரம் போடாமல் வேகவைத்த கோழி, இது போதும். சித்திரை வைகாசியில் மாங்கொட்டையை எறிகிற இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். குடலில் போய் அடைத்தால் ஆபரேஷன்தான்.


தென்மராட்சி (சாவகச்சேரி, யாழ்ப்பாணம்):

அக்கா, எங்கட பக்கம் இதை மயிர்க்கொட்டி எண்டு சொல்லுவம். மாரி தொடங்கினால் வேலிமுருங்கை முழுக்க அதுதான். வெட்டினதெண்டு கவலைப்படாதேங்கோ, வெட்டின கிளையிலேயே அடுத்த மரம் இருக்குது. மணிக்கட்டளவு மொத்தமாய், மூண்டு நாலு அடி நீளத்துக்கு ஒரு தடி எடுத்து, சில நாள் நிழலில போட்டு வையுங்கோ. வெட்டின வாய் காய வேணும். பிறகு மூண்டில ஒரு பங்கு மண்ணுக்குள்ள போற மாதிரி நட்டு, மேல்நுனியில சாணகம் அப்பிவிட்டால் சரி. குசினி யன்னலுக்குக் கிட்ட வேண்டாம், வளவின்ர மற்ற மூலையில நடுங்கோ. தளைச்சு வந்தாப் பிறகு பழைய மரத்தை என்ன செய்யிறதெண்டு ஆறுதலாய் யோசிக்கலாம்.

செண்பகக் குருவி வந்து மரத்தில இருந்தால் கலைக்காதேங்கோ. குயில் இனத்துக்கு மயிர்க்கொட்டி நல்ல சாப்பாடு, மற்றக் குருவியள் தொடப் பயப்பிடும்.

கிளை வெட்டுற நாளில இலை மலையாய்க் குவியும். எங்கட வீட்டில அண்டைக்கு வறைதான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் அரிஞ்சு, துருவின தேங்காய்ப்பூ, மஞ்சள், உப்பு எல்லாம் இலையோட கையால பிசைஞ்சு, தாச்சியில போட்டு, தண்ணி விடாமல் கிளறுங்கோ. இலையில இருக்கிற ஈரமே காணும். மூட வேண்டாம், மூடினால் நிறம் கறுத்துப் போகும். இறக்கிப்போட்டு ஆறவிட்டு எலுமிச்சம்புளி விடுங்கோ. மிச்ச இலை கூழுக்குப் போகும். ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு) கூழுக்கு முருங்கையிலை போடாமல் எங்கட ஆக்கள் விடமாட்டினம்.


கொல்லைக்கதவு (கும்பகோணம் பக்கம்):

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆமணக்கு மூட்டையை நர்சரியிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. பணம் தரவில்லை, பதிலுக்கு வேப்பம் புண்ணாக்கு கொடுத்தார்கள்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். வீட்டுக்காரர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து மாமியார் சிரித்த சிரிப்பில் பாதிச் சண்டை தீர்ந்துவிட்டது. ஊற்றின வேகத்தில் பாதி அப்படியே உதிர்ந்துவிட்டது, மீதியை வழித்தோம். மறுநாள் மத்தியானம் பார்த்தால் ஒரு கைப்பிடி அளவுக்கு மறுபடி இறங்கியிருந்தது, அதற்கும் அதே வைத்தியம். ஆனி வரைக்கும் மரத்துக்கு உயிர்ப்பிச்சை என்று தீர்ப்பு. துணிக்கொடியை மட்டும் வாசல் பக்கம் மாற்றியாயிற்று. மாடிச்சுவரில் உரசின கிளையை அறுத்தபோது வந்த தடி ஒன்று நிழலில் காய்கிறது.

ஊர்க்குருவி நெய்யைக் கேட்டிருந்தார். மாமியார் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதுகிறேன். சேர்த்துவைத்த வெண்ணெயை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, அடிகனமான வாணலியில் போட்டுச் சின்னத் தீயில் வைப்பார். உருகினதும் வெள்ளையாக நுரைத்துச் சடசடவென்று சத்தம் போடும், அது தண்ணீர் வற்றுகிற சத்தம். அந்த இடத்தில் அவர் அடுப்பைப் பார்க்கவே மாட்டார், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வேறு வேலை செய்துகொண்டே காதைக் கொடுத்திருப்பார். சத்தம் அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகி, மேலே நுரை இரண்டாம் தடவை பொங்கும்போது, துணியில் துடைத்து ஈரமில்லாமல் வைத்திருக்கிற முருங்கை இலையைப் போடுவார். ஈரம் இருந்தால் முகத்தில் தெறிக்கும். இலை படபடவென்று பொரிந்து மொறுமொறுப்பானதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கசண்டு வாணலிச் சூட்டிலேயே இன்னும் சிவக்கும். வடிகட்டினது டப்பாவுக்கு. அடியில் தங்கின கசண்டும் பொரிந்த இலையும் சுடுசோற்றில் ஒரு சிட்டிகை உப்போடு. அதற்கு என் பெண்ணும் வீட்டுக்காரரும் போடுகிற போட்டி தனி.

கீரை உருவ நேரமில்லாதவர்களுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கிறது. ஒடித்த ஈர்க்குகளை ராத்திரி ஒரு துணியில் இறுக்கிச் சுருட்டி வைத்துவிடுவார். காலையில் உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்து கிடக்கும். அப்படி உதிர்ந்த இலை மறுநாள் அடைக்கு. இட்லி அரிசி இரண்டு பங்கு, கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் ஆளுக்கு அரைப் பங்கு, வரமிளகாய், சோம்பு, கரகரவென்று அரைத்து, இலையை மாவில் கடைசியாகக் கலப்பார். அடை நடுவில் ஒரு துளை போட்டு அதிலும் நல்லெண்ணெய்.

ஒரு சந்தேகம் பாக்கி. கறிவேப்பிலையில் பச்சையாக, ரோமமே இல்லாத புழு நாலைந்து இருக்கிறது. தொட்டால் தலையிலிருந்து ஏதோ கொம்பு மாதிரி நீட்டுகிறது, ஒரு வாடையும் வருகிறது. எலுமிச்சையிலும் அதேதான். இதற்கும் சோப்புத் தண்ணீரா? துளிரே வராமல் நிற்கிறதே என்று மாமியார் புளித்த மோர் ஊற்றுகிறார், அதனால் வந்த புழுவா?


வராகநதி (பெரியகுளம்):

ஹெல்மெட் நல்ல யோசனை, எனக்கே தோன்றவில்லை!

அந்தப் பச்சைப் புழு அரிக்காது தங்கச்சி. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் பிள்ளை அது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், அதனால் இரண்டிலும் முட்டை வைக்கும். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் என்று நினைத்து விட்டுவிடுவோம், அதுதான் அதன் தந்திரம். வளர்ந்தால் பச்சை. கொம்பை நீட்டி வாடையைக் கிளப்புவது மிரட்டத்தான். மரம் ஆள் உயரம் இருந்தால் நாலைந்து புழு தின்று ஒன்றும் குறையாது, பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டு. சின்னக் கன்று என்றால் மொட்டையடித்துவிடும், கையால் எடுத்துப் பெரிய எலுமிச்சை மரத்தில் விட்டுவிடு.

மோருக்கும் புழுவுக்கும் சம்பந்தமில்லை. மோர் ஊற்றுவதால் கெடுதலும் இல்லை, ஆனால் அடியிலேயே ஊற்றினால் எறும்பு மொய்க்கும், மணியும் போய்த் தோண்டுவான். நன்றாகத் தண்ணீர் கலந்து கொஞ்சம் தள்ளி ஊற்றச் சொல்லு. துளிர் வராததற்குக் காரணம் பருவம். குளிர் இறங்கினால் கறிவேப்பிலை அசையாது. மார்கழியில் இலை மஞ்சளித்து உதிரக்கூடச் செய்யும். இந்த இரண்டு மாதத்தில் உரத்தைக் கொட்டினால் வீண். தை முடிந்து வெயில் ஏறும்போது இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டு, ஒரு கூடை மக்கின எரு வைத்துத் தண்ணீர் விடு. பூ வந்தால் கிள்ளிவிடு, காய்க்கு விட்டால் இலை குறையும். வேரிலிருந்து பக்கக் கன்று கிளம்பும், மதிலோரம் என்றால் அதை விடாமல் எடுத்துவிடு.

எலுமிச்சையை இந்த மழையில் தொடாதே. உள்பக்கம் காய்ந்த குச்சி இருந்தால் மட்டும் ஒடித்துவிடு, முள் குத்தாமல். மாசியில் ஒரு படம் எடுத்துப் போடு, அப்போது பார்த்துச் சொல்கிறேன்.